சூடு காட்டாத துணி

அக்டோபர் 6, ஞாயிறு

எங்கள் சாய யூனிட்டில் எல்லோரும் அதைப் பூச்சி என்கிறார்கள். “பூச்சி ஊத்தியாச்சா?”, “பூச்சி பேரல் வந்துருச்சா?” பேரலில் என்சைம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நொதி என்று படித்தேன். பிறகு எம்.எஸ்ஸி.யில் இரண்டு வருடம் அதையேதான் படித்தேன். எந்தப் பரீட்சையிலும் பூச்சி என்று எழுதினால் மார்க் கிடைக்காது.

பனியன் துணியில் மேலாக நீட்டிக்கொண்டு நிற்கும் பிசிறுகளை அது எடுத்துவிடும். துணி வழவழவென்று ஆகும். பயோ வாஷ் என்று பெயர். தின்கிற மாதிரித் தெரிவதால் பூச்சி ஆகிவிட்டது.

இவரும் பூச்சி என்றுதான் சொல்கிறார். என் வீட்டுக்காரர் திருமூர்த்தி போன மாதம் ஷிப்ட் இன்சார்ஜ் ஆனார். அதற்கு முன்னால் இருந்த சாயப்பட்டறை மூடி, ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் சும்மா இருந்தார். பிறகு நான் லேப் பார்க்கிற இதே யூனிட்டில் ஆபரேட்டராகச் சேர்ந்தது நான் முதலாளியிடம் பேசித்தான். இன்சார்ஜ் ஆனது நான் பேசி அல்ல, அவர் உழைப்பு. யூனிட்டில் வேறு மாதிரிப் பேச்சு இருப்பதால் இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்சார்ஜ் ஆன மனிதர் பூச்சி என்று சொல்லிக்கொண்டு திரியலாமா? மத்தியானம் துணி மடிக்கும்போது அவருடைய பனியனையே எடுத்துப் பாடம் நடத்தினேன். என்சைம் ஒரு புரதம். அமினோ அமிலம் என்று இருபது வகை உண்டு. அவற்றை வரிசையாகக் கோத்த நீள நூல்தான் புரதம். எந்த வரிசை என்பது முதல் விஷயம். அந்த நூல் சில இடத்தில் சுருளாகச் சுற்றிக்கொள்ளும், சில இடத்தில் தகடு மாதிரி அடுக்கிக்கொள்ளும். பிறகு மொத்தமும் மடிந்து ஒரு உருவத்துக்கு வரும். சில புரதங்களில் அப்படி மடிந்த துண்டுகள் ரெண்டு மூன்று சேர்ந்து நிற்கும், முன்பக்கமும் பின்பக்கமும் கையும் வைத்துத் தைக்கிற மாதிரி. பனியனை உருவினால் நூல் அறுபடாமல் அப்படியே இருக்கும், ஆனால் மாட்டிக்கொண்டு போக முடியாது. புரதமும் அப்படித்தான், மடிப்பில்தான் அதன் வேலை.

அந்த மடிப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது என்றேன். நம் என்சைமின் பள்ளத்தில் பஞ்சு இழைதான் சரியாக உட்காரும். பாலியஸ்டர் உட்காராது. உட்கார்ந்த இழையைத் தண்ணீரைச் சேர்த்து வெட்டும். வெட்டியதை விட்டுவிட்டு அடுத்த இழைக்குப் போகும்.

“அப்ப வயிறு நெறைஞ்சா நிறுத்திக்குமா?” என்றார்.

“வயிறே கெடையாதுங்க. அது திங்கறதில்ல, வெட்டுது.”

“களைச்சுப் போகாதா?”

“களைக்காது, தீரவும் தீராது. சோப்பு கரைஞ்சு தீந்துரும், சாயம் துணில ஏறித் தீந்துரும். இது வேலை செஞ்சுட்டு அப்படியே இருக்கும். துணி ஈரமா இருக்கற வரைக்கும் வெட்டிட்டேதான் இருக்கும். அதனாலதான் கடைசில சோடா போட்டு எண்பது டிகிரில ஓட்டச் சொல்றது. மடிப்பைப் புடிச்சு வெச்சிருக்கறது எல்லாம் சின்னச் சின்னப் புடிப்புங்க. சூட்டுல விட்டுரும். பள்ளம் போயிரும்.”

ஒரு முட்டையை வேகவைத்துக் காட்டினால் ஒரு நொடியில் புரியும். வெள்ளைக்கருவும் புரதம்தான், சூட்டில் மடிப்புக் குலைந்து வெளுத்துக் கெட்டியாகிவிடுகிறது. ஆனால் இது புரட்டாசி. எங்கள் வீட்டில் முட்டை வாசல்படி தாண்டாது.

அவருக்குக் கண் சொக்கியது. எனக்கும் அலுத்துவிட்டது. “சரி சாமி, பூச்சின்னே வெச்சுக்கங்க. சூடு காட்டினாச் செத்துரும்” என்றேன்.

“இதை மொதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் ஒரு தூக்கம் போட்டிருப்பேன், அம்மிணி” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 8, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர். தொட்டியிலிருந்து குடத்தில் மொண்டு ஊற்றினேன். முதுகு போயே போச்சு.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. எங்கள் முதலாளி நாச்சிமுத்து அண்ணன் இதில் கறார். மெஷின் காலியாக, ஆறி, கழுவித் துடைத்து இருக்க வேண்டும். உள்ளே ஒரு முழம் ஈரத் துணி கிடக்கக் கூடாது. முதல் சந்தனம் வைப்பதும் பூசணிக்காய் உடைப்பதும் இன்சார்ஜ். அதாவது இந்த வருடம் இவர். புது வேட்டி எடுத்திருக்கிறார். கடையில் அரை மணி நேரம் கரை பார்த்தார்.

இன்று மூன்று மெஷினிலும் பயோ வாஷ். கைக்குழந்தைகளுக்கான உடுப்புத் துணி. நான் பொரி, கடலை வாங்க நான்கு மணிக்கே கிளம்பிவிட்டேன். அப்புறம் இரண்டு முறை போன் செய்தேன். பூசணிக்காய்க்குச் சொல்லிவிட்டீர்களா, நேரத்தோடு வாருங்கள், இல்லாவிட்டால் நாளைக்குப் பூஜையில் நின்றுகொண்டே தூங்குவீர்கள் என்று.

பத்து மணியாவது ஆகும் என்று நினைத்தேன். எட்டு மணிக்கே வந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம். சூடாக இட்லி வைத்தேன்.

“மூணு லாட்டும் முடிஞ்சுதுங்களா?”

“முடிச்சு டிராலில ஏத்தி மூடி வெச்சாச்சு. இனி திங்கக்கெழம சாயத்துக்கு எடுத்தாப் போதும்.”

மெஷினெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார்.

அக்டோபர் 11, வெள்ளி

நன்றாக நடந்தது. வாழைக்கன்று, மாவிலை, மெஷினுக்கு ஆளுயர மாலை. லேபில் துணியின் பலம் பார்க்கிற கருவிக்கு நானே பொட்டு வைத்தேன். அது இல்லாவிட்டால் எனக்கு இங்கே என்ன வேலை?

இவர் பூசணிக்காயை ஒரே போடில் உடைத்தார். முதலாளி, “இன்சார்ஜ் கைராசிக்காரன்பா” என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். இவர் குனிந்து வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி சிரிப்பை மறைத்துக்கொண்டார். இந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாம்பிராணிப் புகை என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. மெஷினில் வெறும் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினார்கள். பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். கடைசிப் புரட்டாசிச் சனி, கோயிலில் நல்ல கூட்டம்.

அக்டோபர் 14, திங்கள்

முதல் டிராலி சாயம் போட்டுக் காய்ந்து லேபுக்கு வந்தது. அழகான மஞ்சள்.

கருவியில் துணியை வட்டமாகப் பிடித்து இறுக்கினால் அடியிலிருந்து ரப்பர் பலூன்போல உப்பும். துணி எந்த அழுத்தத்தில் வெடிக்கிறதோ அங்கே முள் நிற்கும். இன்று முள் பாதியிலேயே நின்றுவிட்டது. வேறு இடத்தில் வெட்டிப் பார்த்தேன். அதேதான். கருவியைச் சந்தேகப்பட்டு, சோதனைத் தகடு வைத்துப் பார்த்தேன். கருவி சரியாகத்தான் இருக்கிறது.

முதலாளி துணியைக் கையில் வாங்கி இழுத்தார். விரல் உள்ளே போய்விட்டது.

“நூலு மட்டமா இருக்குமுங்ணா” என்றார் இவர். அவரை யாரும் இன்னும் கேட்கவில்லை.

“இருக்கும், இருக்கும்” என்றார் முதலாளி. “மத்த ரெண்டு டிராலிய யாரும் தொடாதீங்க. ஈரத்தோட அப்படியே கெடக்கட்டும். துணி குடுத்த பார்ட்டி வந்து பாக்கட்டும். சரியாம்மா?”

சரிங்ணா என்றேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

பயோ வாஷுக்குப் போகாத துணி ஒரு ரோல் மீதி இருந்தது. அதைச் சோதித்தேன். முள் ஜோராக ஏறியது. ஆக நூலில் குறையில்லை. முதலாளியிடம் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியாது, அவரே பக்கத்தில் நின்றார்.

“அப்ப இங்கதான் எவனோ கெடுத்திருக்கான். பூச்சி வேலை செய்ய ஊத்தற ஆசிட்டை அளவில்லாம ஊத்தியிருப்பான். அன்னிக்கு ஊத்துனது யாரு?”

ரஞ்சன் என்றார்கள். ஒடிசாப் பையன், இரண்டு வருடமாக இருக்கிறான். இவர் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

ராத்திரி இவர் சாப்பிடவில்லை. வயிறு மந்தம் என்றார். சீரகம் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மழை விடாமல் பெய்கிறது, கொடியில் ஒன்றும் காயவில்லை.

அக்டோபர் 16, புதன்

லேபில் வேலை அதிகம். எழுதும்படி ஒன்றும் இல்லை. ஊறுகாய் வைக்கிற சின்ன எவர்சில்வர் டப்பாவை இவர் தேடினார். அது பிரிட்ஜ் மேல் இருக்கிறது, அதை எடுக்க வேண்டாம், வேறு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அக்டோபர் 17, வியாழன்

ஐப்பசி பிறந்துவிட்டது. இனி முட்டை வாங்கலாம். வாங்கவில்லை.

ரஞ்சனைச் சனிக்கிழமையோடு நிறுத்திவிடச் சொல்லிவிட்டார் முதலாளி. மத்தியானம் அவன் லேபுக்கு வந்தான், கையில் ஆசிட் அளக்கிற குடுவை.

“அக்கா, நீங்க எழுதின அளவுதான் ஊத்தினேன். இதோ, இந்தக் கோடு வரை. ஆறு மணிக்கு அண்ணன் என்னைப் போகச் சொல்லிட்டார், கேட்ல தோரணம் கட்டணும்னு. அப்புறம் எனக்குத் தெரியாது.”

எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை.

“எங்க போவேன், அக்கா? இப்பதான் என் வீட்டுக்காரியை ஊர்லேருந்து கூட்டி வந்தேன்.”

பார்க்கலாம் என்றேன். அவன் போன பிறகும் அந்தச் சொல் வாயில் கசந்தது. முதலாளிக்கு எரிச்சல், பார்ட்டி ஞாயிறு கழித்துத்தான் வருவார்களாம். டிராலி இரண்டும் மூடியபடியே இருக்கின்றன. அந்த வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

அக்டோபர் 18, வெள்ளி

நான் வீடு திரும்பியபோது இவர் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் அந்தச் சின்ன டப்பா திறந்து கிடந்தது.

இங்கே எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். புதன்கிழமை இரண்டாவது டிராலியிலிருந்து ஈரத் துணியில் ஒரு முழம் வெட்டி, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தேன். இவர் வருவதற்குள் அதை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தேன். அடையாளத்துக்கு ஓரத்தில் முடிச்சு. இன்னொரு பாதியைக் கொதிக்கவைக்கவில்லை. இரண்டையும் ஈரத்தோடு டப்பாவில் வைத்தேன்; முடிச்சுப் போட்டதை மட்டும் அலசி ஒரு சின்னப் பையில் கட்டி வைத்தேன், ஒன்றின் தண்ணீர் மற்றதில் படக்கூடாது. அன்றைக்கு எண்பது டிகிரியில் ஓட்டியிருந்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓட்டாவிட்டால் என்சைம் துணியில் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கும், கொதிக்காத பாதி நைந்துகொண்டே போகும், பிரிட்ஜ் மேலிருக்கும் இளஞ்சூட்டில் இன்னும் வேகமாக.

இவர் இரண்டையும் எடுத்துத் தனித்தனி டம்ளர் வாயில் விரித்துப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்திருக்கிறார். ஒரு டம்ளரில் துணி அப்படியே இருந்தது. மற்றதில் பெருவிரல் போகிற ஓட்டை.

“முடிச்சுப் போட்டதுதான் கொதிக்க வெச்சதா?”

“ஆமாங்க.”

“நான் சூடு ஓட்டல, அம்மிணி.”

நான் கைப்பையை இறக்கி வைத்தேன்.

“மூணு மெஷினையும் எண்பதுக்கு ஏத்தி, எறக்கி, ஆற வெச்சு, கழுவித் தொடைக்கறதுக்குள்ள விடிஞ்சிருக்கும். பூச்சிதானே, இத்தன நேரம் தின்னுருச்சு, வயிறு நெறைஞ்சு கெடக்கும், பச்சத் தண்ணில அலசுனாப் போயிரும்னு நெனச்சேன். நீகூடச் செத்துரும்னு சொன்னியே.”

“சூடு காட்டினான்னு சொன்னேங்க.”

“ஆமா. சூடு காட்டினான்னுதான் சொன்ன.” ஓட்டை விழுந்த துணியைச் சுருட்டினார். “மொதச் சந்தனம் நான் வெக்கணும்னு ஒரு ஆச. அவ்வளவுதான்.”

நான் இரண்டு முறை போன் செய்ததை அவர் சொல்லவில்லை. அது எனக்கு ஞாபகம் இருந்தது.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“புதன்கெழம வெட்டி எடுத்தேன். நேத்தே கொதிக்காததுல விரலு போச்சு.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப அந்த ரெண்டு டிராலில அது இப்பவும் வெட்டிட்டு இருக்குதா?”

“இருக்குதுங்க.”

உடனே எழுந்தார். ஆணியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். முதலாளிக்குப் போன் போட்டு, “அண்ணா, தப்பு எம்மேலதானுங்ணா, ரஞ்சன் மேல இல்ல. நேர்ல வந்து சொல்றனுங், இப்ப மெஷின் ஓட்ட விடுங்ணா” என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் சரிங்ணா, சரிங்ணா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

தூறலில் இரண்டு பேரும் போனோம். டிராலி மூடியை எடுத்ததும் புளித்த வாடை. துணியை ஏற்றினார்கள், நான் சோடா அளந்து போட்டேன். ஐம்பது, அறுபது என்று மெதுவாக ஏறியது. எண்பதைத் தொட்டபோது இவர் மெஷினைப் பார்த்துக் கைகூப்பினார். பூஜை அன்றைக்குக்கூட இப்படிக் கும்பிட்டு நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 19, சனி

காலையில் முதலாளி எல்லோரையும் நிறுத்திவைத்துக் கத்தினார்.

“ஏப்பா, மெஷின் பளபளன்னு இருந்தாச் சாமி வந்துருமா? துணி அழுகிட்டுக் கெடக்குது, நீ அதுக்கு முன்னால நின்னு சூடம் காட்டியிருக்கற!” அப்புறம் குரல் இறங்கியது. “காலி பண்ணி வெய்யின்னு நானுந்தான் உசுர வாங்கினேன். சரி. நீ திங்கக்கெழமையிலிருந்து பழையபடி மெஷின்ல நில்லு. இன்சார்ஜ் வேண்டாம்.”

“சரிங்ணா.”

“இது எப்பத் தெரிஞ்சுது?”

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “நேத்துச் சாயங்காலந்தானுங்ணா லேப்ல கண்டுபுடிச்சாங்க. தெரிஞ்ச உடனே உங்களுக்குப் போன் பண்ணிட்டனுங்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “உன்னாலதாம்மா இந்த மட்டுக்காவது தெரிஞ்சுது. சொந்தப் புருசன்னுகூடப் பாக்கல பாரு.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

ரஞ்சன் லேபுக்கு வந்து, தேங்க்ஸ் அக்கா என்றான். அதைக் கேட்கக் காது கூசியது.

இரண்டு டிராலித் துணியும் சோதித்தாயிற்று. இரண்டும் தேறாது. துடைக்கிற துணிக்கு வெட்டி விற்கலாம், அவ்வளவுதான்.

அக்டோபர் 20, ஞாயிறு

நாலு முட்டை வாங்கிவந்து வேகவைத்தேன். இவர் ஓட்டை உரித்து வெள்ளையை அமுக்கிப் பார்த்தார்.

“இது மறுபடி பச்ச முட்டையா ஆகாதா?”

“ஆகாதுங்க. மடிப்பு போச்சுன்னாப் போச்சு.”

“இத அன்னிக்கே காட்டியிருக்கலாமில்ல?”

“புரட்டாசிங்க.”

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஒரு வாரத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் வயிறார இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். புது வேட்டியை மடித்து அலமாரியில் அடியில் வைத்துவிட்டார். நான் அதை எடுத்து மேலே வைத்தேன்.

அப்புறம் சொன்னேன். நேற்று எல்லோரும் போன பிறகு, முடிச்சுப் போட்ட துண்டைக் காயவைத்துக் கருவியில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது டிராலி மற்ற இரண்டையும்விடத் தடித்த துணி, நைய நாளாகும்; மெல்லிய மூன்றாவது, முதலாவதைப்போல முன்னமே போயிருக்கும். முள் ஏறி, வேண்டிய அளவைத் தாண்டி நின்றது.

“அப்படின்னா?”

“புதன்கெழம அந்த டிராலி நல்லாத்தான் இருந்துதுங்க. அன்னிக்கே சூடு காட்டியிருந்தாத் தப்பிச்சிருக்கும்.”

அவருக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் ஆனது. விளங்கியதும், “விடு, அம்மிணி. யாருக்குத் தெரியும்?” என்றார்.

மூன்றில் இரண்டு டிராலி இவர் கணக்கு. இரண்டாவது டிராலி என் கணக்கு. என் வீட்டுக்காரர் பதவி போகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பதவியும் போயிற்று, துணியும் போயிற்று. என் பங்கையும் சேர்த்து அவர் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார், நான் பாராட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.

நாளைக்குக் காலையில் அந்த முடிச்சுத் துண்டைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்து, புதன்கிழமை என்று சொல்லப்போகிறேன். இவரிடமும் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு, என் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, “எட்டு மணிக்குக் கெளம்பலாம், நானும் பக்கத்துல நிக்கறேன்” என்றார்.